கோழி செத்தால் நட்டம் யாருக்கு? தாய்லாந்து 2004

கொரோனா காலத்தைப் பற்றிக் கதைக்கும்போது எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது முகக்கவசம், ஊரடங்கு, சூம் வகுப்பு, மருந்துக்கடை வரிசை. கோழிக்கூடு ஞாபகம் வாறது குறைவு. ஆனால் ஒரு பெருந்தொற்று பொருளாதாரத்தை எப்படிப் போட்டு உலுக்கும், அந்த உலுக்கலில் யார் விழுவார்கள், யார் எழும்புவார்கள் என்று விளங்கிக்கொள்ள கோழிப்பண்ணையைவிட நல்ல இடம் இல்லை. கோழி ஒவ்வொரு நாளும் தின்னும். சந்தை பூட்டினாலும் தின்னும், விலை விழுந்தாலும் தின்னும். தொழிற்சாலையை நிறுத்துகிற மாதிரி ஆளியை அணைத்துப்போட்டு வீட்டுக்குப் போக ஏலாது.

இந்தக் கட்டுரை கொரோனாவைப் பற்றியது இல்லை. அதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன்னர் தாய்லாந்தில் நடந்ததைப் பற்றியது. 2004இல் அங்கே பரவிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதருக்குள் ஒரு பெருந்தொற்றாக மாறவில்லை. பறவைகளுக்குள் அது பெருந்தொற்றேதான். ஒரு நாட்டின் கோழி வளர்ப்பையே அது தலைகீழாகப் புரட்டிப்போட்டது. அந்தப் புரட்டல் எப்படி நடந்தது என்று பார்த்தால், பிறகு எங்கட நாட்டில் முட்டைக்கு நடந்ததும் கொஞ்சம் தெளிவாக விளங்கும்.

முன்கதை: ஹொங்கொங் 1997

எச்5என்1 என்ற பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது ஹொங்கொங்கில். 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் வாத்தினத்தைச் சேர்ந்த கூஸ் பறவைகளில் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 1997 மே மாதம் ஹொங்கொங்கில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. வருட முடிவுக்குள் 18 பேருக்குத் தொற்று, அதில் 6 பேர் மரணம். பறவையிலிருந்து நேரடியாக மனிதருக்கு வந்து ஆளைக் கொல்லும் இன்ஃபுளுவென்சா என்பது அதுவரை மருத்துவ உலகம் எதிர்பார்க்காத விசயம்.

டிசம்பர் கடைசியில் ஹொங்கொங் அரசு ஒரு முடிவெடுத்தது: உள்ள கோழி எல்லாவற்றையும் கொல்லுவது. ஒரு சில நாட்களில் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. அப்போது சுகாதாரப் பணிப்பாளராக இருந்தவர் மார்கரெட் சான். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் தலைவியாக வந்தவர் அவர்தான். அந்த முடிவு மனித உயிர்களைக் காப்பாற்றியது என்பதே இன்றைக்கும் பொதுவான கணிப்பு. ஆனால் ஹொங்கொங்குக்கு ஒரு வசதி இருந்தது. அது ஒரு நகரம். சாப்பிடுகிற கோழியில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலிருந்து வருவது. கோழி வளர்ப்பை நம்பி வாழ்ந்த ஆட்கள் ஒப்பீட்டளவில் கொஞ்சப் பேர். எல்லாக் கோழியையும் கொன்றுவிட்டு, கொஞ்ச நாளில் இறக்குமதியை மீண்டும் திறந்து, சந்தையைத் திரும்ப ஓட்ட முடிந்தது. தாய்லாந்துக்கு அந்த வசதி இருக்கவில்லை.

உலகத்துக்குக் கோழி விற்ற நாடு

தாய்லாந்தில் கோழி என்றால் இரண்டு உலகம். ஒன்று, முற்றத்தில் திரியும் ஊர்க்கோழி. எங்கட அம்மம்மாமார் வளர்க்கிற மாதிரிதான். குப்பையைக் கிளறித் தின்னும், மரத்தில் ஏறிப் படுக்கும். அவசரத்துக்குக் காசு தேவையென்றால் ஒன்றைப் பிடித்து விற்கலாம். நடமாடுகிற சேமிப்புக் கணக்கு அது. இன்னொன்று, சரோன் போக்பாண்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் உலகம். சுருக்கமாக சீபீ என்பார்கள். 1921இல் பாங்கொக்கில் ஒரு விதைக்கடையாகத் தொடங்கிய குடும்ப வியாபாரம் இது. 1970களில் அமெரிக்க ஆர்பர் ஏக்கர்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து, வேகமாக வளரும் இறைச்சிக்கோழி இனங்களைக் கொண்டுவந்தது. கூடவே ஒப்பந்தப் பண்ணை முறையும் வந்தது.

ஒப்பந்தப் பண்ணை எண்டால் என்ன? நிறுவனம் குஞ்சு தரும், தீவனம் தரும், மருந்து தரும். வளர்ந்த கோழியை நிறுவனமே எடுக்கும். விவசாயி தரவேண்டியது நிலம், கொட்டகை, உழைப்பு. கொட்டகை கட்ட வங்கிக் கடன். கேட்க நல்லாத்தான் இருக்கு. விலை விழுமோ என்ற பயம் குறைவு, சந்தை தேடி அலையவும் தேவையில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ: கோழி நிறுவனத்தினுடையது, கடன் விவசாயியுடையது. நல்ல காலத்தில் இந்தப் பிரிப்பு கண்ணில் படாது.

இந்த முறையால் 2003 அளவில் தாய்லாந்து உலகின் முதல் ஐந்து கோழியிறைச்சி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக வந்துவிட்டது. வருடத்துக்குச் சுமார் 5 இலட்சம் தொன். பெரிய வாங்குநர்கள் ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும். டொலர் கொண்டுவரும் தொழில் என்பதால் அதில் கைவைக்கும் எந்தச் செய்தியும் அரசுக்குப் பிடிக்காது.

"கொலராதான், பயப்படாதீங்க"

2003 கடைசி மாதங்களில் மத்திய தாய்லாந்தில், சுபன்புரி போன்ற மாகாணங்களில், கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. அதிகாரிகள் சொன்ன விளக்கம் கோழிக் கொலரா. வியட்நாமில் 2004 ஜனவரி தொடக்கத்திலேயே எச்5என்1 உறுதியாகிவிட்டது. அப்பவும் தாய்லாந்து அரசு "எங்களிடம் இல்லை" என்ற நிலையிலேயே நின்றது. பிரதமர் தக்சின் சினவத்ராவும் அமைச்சர்களும் கமெராக்களுக்கு முன்னால் கோழி சாப்பிட்டுக் காட்டினார்கள். அதற்குச் சில நாட்களுக்குள்ளேயே, ஜனவரி 23ஆம் திகதி, இரண்டு சிறுவர்களுக்குத் தொற்று உறுதியானதோடு அரசு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. சந்தேகம் முன்பே இருந்தது, மக்கள் பீதியடையக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்ற பாணியில் பிறகு விளக்கமும் வந்தது.

அந்த இடைவெளியின் விலை என்ன? பண்ணைக்காரரின் இடத்திலிருந்து பாருங்கோ. கூட்டில் பத்துக் கோழி செத்துக் கிடக்குது. அரசு வெறும் கொலரா என்கிறது. கொன்றால் நட்டஈடு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. மிச்சக் கோழியை என்ன செய்வார்? கிடைத்த விலைக்கு உடனே விற்பார். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. அவருக்கு முன்னால் வேறு வழி வைக்கப்படவில்லை. விற்ற கோழி லொறியில் ஏறி அடுத்த மாகாணத்துச் சந்தைக்குப் போகும், வைரஸும் சேர்ந்து போகும். நோயை மறைப்பது பொருளாதாரத்தைக் காப்பாற்றும் என்று நினைத்தார்கள். மறைத்த வாரங்கள்தான் நோய்க்கு ரோட்டுப் போட்டுக் கொடுத்தன.

அறிவிப்பு வந்த நாட்களிலேயே ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் தாய்லாந்தின் பச்சைக் கோழியிறைச்சியைத் தடைசெய்தன. பிறகு தொடங்கியது கொலை. தொற்றுக் கண்ட இடத்தைச் சுற்றி ஐந்து கிலோமீற்றருக்குள் இருந்த கோழிகளை எல்லாம் அழிக்கச் சொன்னார்கள். பிறகு அந்த எல்லை சுருக்கப்பட்டது. இராணுவத்தினர், கைதிகள் என்று ஆட்கள் இறக்கப்பட்டார்கள். சாக்குகளில் கட்டி உயிரோடு புதைக்கப்படும் கோழிகளின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. 2004இல் மட்டும் செத்ததும் கொல்லப்பட்டதுமாக 6 கோடிக்கு மேற்பட்ட பறவைகள்.

அந்த ஒக்டோபரில் சொன்புரி மாகாணத்தின் சிறிராச்சா புலிக் காட்சிச்சாலையில் இன்னொன்று நடந்தது. அங்கே 441 புலிகள் இருந்தன. தீனியாகப் போட்ட பச்சைக் கோழி உடல்களிலிருந்து தொற்று ஏற்பட்டு, செத்ததும் கருணைக்கொலை செய்யப்பட்டதுமாக 147 புலிகள் போயின. நோயுள்ள கோழி சந்தைக்குள் எந்தளவு தூரம் பயணிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

மனிதர்களில் 2004 தொடக்கம் 2006 வரை 25 பேருக்குத் தொற்று, 17 பேர் இறந்தார்கள். இதில் கம்பெங்பெட் மாகாணத்துச் சம்பவம் ஒன்று உலக மருத்துவர்களை உலுக்கியது. நோயுற்ற மகளைப் பராமரிக்க வந்த தாய் ஒருவரும் இறந்தார். அவர் வேறு ஊரிலிருந்து வந்தவர், கோழியோடு தொடர்பில்லாதவர். மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவியிருக்கலாம் என்ற பயம் அங்கேதான் கூர்மையானது. அதிர்ஷ்டவசமாக அது மேற்கொண்டு பரவவில்லை.

குற்றவாளி யார்?

நோய் அடங்கின பிறகு வந்த கேள்வி: பழி யாருக்கு? அரசும் பெரிய நிறுவனங்களும் சொன்ன பதில் எளிமையானது. முற்றத்துக் கோழி, வயலில் மேயும் தாரா, சண்டைச்சேவல். கட்டுப்பாடில்லாமல் திரிகிறது, காட்டுப் பறவைகளோடு சேர்கிறது, ஆகவே ஆபத்து. மூடிய கொட்டகைக்குள் குளிரூட்டி வளர்க்கிற பெரிய பண்ணை சுத்தம்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. வயல் தாராக்களுக்கும் நோய் பரவிய இடங்களுக்கும் வலுவான தொடர்பு இருந்ததை ஆய்வுகள் காட்டின. தாராவுக்கு வைரஸ் தொற்றினாலும் அது சாகாமல் திரியும், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் முற்றத்துக் கோழியைப் பற்றிய கதை வேறு. தொற்றுக் கண்ட இடங்களை எண்ணினால் ஊர்க்கோழிக் கூடுகள்தான் அதிகம், உண்மை. ஏனென்றால் நாட்டில் இருக்கிற கூடுகளில் மிகப்பெரும்பான்மை அவைதான். நூறு கூட்டுக்கு எத்தனை என்று விகிதம் போட்டுப் பார்த்தபோது வணிகப் பண்ணைகளில்தான் தொற்று வாய்ப்பு அதிகமாக இருந்ததை 2004ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று காட்டியது. எண்ணிக்கையையும் விகிதத்தையும் குழப்பினால் கொள்கையே மாறிப்போகும். புள்ளிவிபரப் பாடத்தைத் திட்டிக்கொண்டு படிக்கிற எங்களுக்கெல்லாம் இது நல்ல உதாரணம்.

கொள்கை மாறித்தான் போனது. வயல் தாரா வளர்ப்பாளரை எடுங்கோ. அறுவடை முடிந்த வயலில் தாராக்களை இறக்குவார். உதிர்ந்த நெல், நத்தை, பூச்சி எல்லாம் தின்னும். தீவனச் செலவு கிட்டத்தட்ட இல்லை. நெல் விவசாயிக்கும் நத்தைத் தொல்லை குறையும். ஒரு வயல் முடிய லொறியில் ஏற்றி அடுத்த வயல். புதிய விதிகள் தாராவைக் கொட்டகைக்குள் அடைக்கச் சொன்னபோது இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கே உடைந்தது. இலவசத் தீனிக்குப் பதிலாகக் கடைத் தீவனம். அந்தத் தீவனத்தை விற்பது யார்? பெரிய நிறுவனங்கள்.

தடுப்பூசியிலும் இதே இழுபறிதான். வியட்நாம் 2005இல் கோழிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. தாய்லாந்தில் சண்டைச்சேவல் வளர்ப்பவர்கள் தடுப்பூசி கேட்டார்கள். ஒரு நல்ல சேவலின் விலை மோட்டார் சைக்கிளைவிடக் கூடவாக இருக்கலாம், அதைக் கொல்லக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் ஊசி போட்டால் கோழிக்குள் வைரஸ் ஒளிந்திருக்கலாம் என்று வாங்குகிற நாடுகள் சந்தேகிக்கும். ஏற்றுமதி போய்விடும். தடை தொடர்ந்தது. சேவல்களுக்குக் கிடைத்தது கடவுச்சீட்டு. பகிடியில்லை, உண்மையாகவே ஒவ்வொரு சண்டைச்சேவலுக்கும் பயணப் பதிவுப் புத்தகம் கொடுக்கும் முறை கொண்டுவரப்பட்டது.

விழுந்தவரும் எழும்பியவரும்

இப்ப கணக்கைப் பார்ப்போம். 2004இல் தாய்லாந்தின் கோழி ஏற்றுமதி பாதிக்கும் கீழே விழுந்தது. சீபீ போன்றவர்களுக்கும் அடிதான். ஆனால் அவர்களிடம் ஒரு கதவு திறந்திருந்தது. 70 பாகை செல்சியஸ் சூட்டில் சமைத்தால் வைரஸ் செத்துவிடும். ஆகவே தடை பச்சை இறைச்சிக்கு மட்டும்தான், சமைத்த இறைச்சிக்கு இல்லை. சமைத்து, பொதிசெய்து, உறையவைக்கும் ஆலைகள் வைத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பச்சைக் கோழி விற்ற நாடு சில வருடங்களில் சமைத்த கோழி விற்கும் நாடாக மாறியது. அதில் இலாபமும் கூட. ஐரோப்பிய ஒன்றியம் பச்சை இறைச்சிக்கான தடையை நீக்கியது 2012இல், ஜப்பான் 2013இல். இன்றைக்குத் தாய்லாந்தின் கோழி ஏற்றுமதி வருடத்துக்கு 10 இலட்சம் தொன் அளவில் நிற்கிறது. 2003ஐப்போல் இரு மடங்கு. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றிக்கதை.

சமையல் ஆலை இல்லாதவர் என்ன செய்வார்? நட்டஈடு கொடுத்தார்கள். ஆனால் நட்டஈடு கொல்லப்பட்ட கோழிக்கு. வெறுமையாகக் கிடந்த கொட்டகைக்கு இல்லை. திரும்பக் குஞ்சு விட அனுமதி கிடைக்கும்வரை போன மாதங்களுக்கு இல்லை, அந்த மாதங்களின் வங்கி வட்டிக்கும் இல்லை. அக்கம்பக்கத்தில் கொல்லாமல் தப்பிய கோழியை யாரும் வாங்காமல் விலை விழுந்ததற்கும் இல்லை. திரும்பத் தொடங்கவேண்டுமென்றால் மூடிய கொட்டகை, குளிரூட்டல், பதிவு என்று புதிய முதலீடு. அதற்கு இன்னொரு கடன். சின்ன ஆட்கள் பலர் அங்கேயே கையைக் கழுவினார்கள்.

மைக் டேவிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2005இல் வெளியிட்ட 'த மொன்ஸ்டர் அட் அவர் டோர்' என்ற புத்தகத்தில் தாய்லாந்தை விரிவாக எடுத்துப் பேசியது இதனால்தான். நோய் எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்கலாம். நோய்க்குப் பிறகு வரும் விதிகள் அப்படித் தாக்குவதில்லை. விதியைப் பின்பற்ற ஆகும் செலவு பெரியவருக்கு ஒரு வருடத்து இலாபக் குறைவு, சின்னவருக்குத் தொழிலின் முடிவு.

எங்கட பக்கம்

2020இல் கொரோனா வந்தபோது கோழிக்கு நோயே இல்லை. ஆனாலும் கோழி வளர்ப்பவர்கள் முதலில் அடிபட்டார்கள். இந்தியாவில் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற வதந்தி வட்சப்பில் ஓடியது. விலை தீவனச் செலவுக்கும் கீழே போனது. கர்நாடகாவில் உயிரோடு கோழிகளைப் புதைத்த பண்ணைக்காரர்களின் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹைதராபாத்தில் அமைச்சர்கள் மேடையில் கோழி சாப்பிட்டுக் காட்டினார்கள். தக்சினின் அதே காட்சி. இலங்கையில் அது மீனாக மாறியது. பேலியகொட மீன்சந்தைக் கொத்தணிக்குப் பிறகு மீன் விற்காமல் போக, 2020 நவம்பரில் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். சிரித்தோம், மீம் போட்டோம். மக்களின் நம்பிக்கை போன பிறகு அரசியல்வாதியின் வாய்தான் கடைசி ஆயுதம் என்பதை அந்தச் சிரிப்புக்குள் தவறவிட்டோம்.

கோழிக்கும் முட்டைக்கும் எங்களிடம் வந்த அடி மெதுவாக வந்தது. ஊரடங்கில் ஹோட்டல், கல்யாணம், பேக்கரி எல்லாம் நின்றன. பிறகு 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதித் தடை. சோள விளைச்சல் விழுந்தது. கோழித் தீவனத்தின் அடிப்படை சோளம்தான். ஒரு பண்ணையின் செலவில் பாதிக்கும் மேல் தீவனம். 2022இல் டொலர் இல்லாமல் போனது. ரூபா 200இலிருந்து 360 வரை விழுந்தது. இறக்குமதித் தீவனம், மருந்து, இனவிருத்திக் குஞ்சு எல்லாம் எட்டாத விலை.

கோழியின் உடற்கடிகாரத்தை இங்கே கவனிக்க வேணும். இறைச்சிக்கோழி ஆறு கிழமையில் தயார். முட்டைக்கோழி முட்டையிடத் தொடங்கவே நாலரை, ஐந்து மாதம் பிடிக்கும். ஆகவே இன்றைக்கு ஒரு பண்ணைக்காரர் நட்டம் தாங்காமல் குஞ்சு விடாமல் விட்டால், அதன் விளைவு கடையில் தெரிவது பல மாதங்களுக்குப் பிறகு. அப்போது விலை ஏறும், எல்லோரும் பண்ணைக்காரரைத் திட்டுவார்கள். 2022 ஓகஸ்டில் அரசு வர்த்தமானி மூலம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்சவிலை போட்டது. அந்த விலைக்குக் கட்டாது என்றார்கள் உற்பத்தியாளர்கள். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி தொடங்கியது, முதலில் பேக்கரி போன்ற உணவுத் தயாரிப்பாளர்களுக்கு. வாங்குகிறவருக்கு அது நிம்மதிதான். நாங்களும் விடுதியில் முட்டையில் உயிர்வாழ்ந்த ஆட்கள்தானே. ஆனால் கூடு வெறுமையாகக் கிடந்த சின்னப் பண்ணைக்காரர் திரும்பத் தொடங்குவதற்கு அந்த முட்டைகள் எந்த வகையிலும் உதவவில்லை.

தாய்லாந்தின் கதை எங்களுக்குச் சொல்வது மூன்று விசயம். நோய்ச் செய்தியை உடனே சொல்வது பொருளாதாரத்துக்கும் நல்லது, நட்டஈட்டையும் அதோடு சேர்த்துச் சொன்னால். நட்டஈட்டுக் கணக்கில் செத்த கோழியோடு வெறுங்கூட்டின் நாட்களும் வட்டியும் சேரவேணும். பாதுகாப்பு விதிகள் வேணும், ஆனால் அதைப் பின்பற்றும் செலவில் அரசும் பங்கெடுக்க வேணும். கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வலுவாக இருந்தன. பொதுவான தீவனக் களஞ்சியம், பொதுவான குளிர்சேமிப்பு, பொதுவான காப்புறுதி போன்றவற்றை ஐம்பது கோழி வைத்திருக்கும் ஒரு அக்கா தனியாகச் செய்ய ஏலாது. சங்கமாகச் செய்யலாம்.

இதை இப்பவே கதைக்க ஒரு காரணம் இருக்கு. எச்5என்1 முடியவில்லை. 2021இலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் அது முன்னெப்போதையும்விடப் பெரிதாகப் பரவியது. 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே வந்தது. எங்கட வாவிகளுக்கும் களப்புகளுக்கும் ஒவ்வொரு வருடமும் வலசைப் பறவைகள் வருகின்றன. நோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல ஏலாது. வந்தால் நட்டத்தை யார் தலையில் போடுவது என்பதை இப்பவே தீர்மானிக்கலாம். அது பேசப்படவேண்டிய இடம் பிரதேச சபைக் கூட்டமும் கால்நடை வைத்தியர் அலுவலகமும். அடுத்தமுறை உங்கட ஊரில் அப்படியொரு கூட்டம் நடந்தால், கோழி வளர்க்கும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.